நீர்தாங்கும் கூழ் கலந்த வளர்ப்பூடகங்களில் ஈரத்தை அளத்தல்

பயிருக்கு நீர் வேண்டும் என்பதை அறியாதார் இல்லை. எவ்வளவு நீர் வேண்டும், அஃது எப்பொழுது வேண்டும் என்பவற்றைத் திட்டமாக அறிந்தோர் சிலரே. தோட்டத்து நிலத்திலே வளரும் பயிரின் வேர், மேல்மண் உலர்ந்தபோது ஆழச் சென்று ஈரத்தைத் தேடும், பக்கங்களிலும் படரும். சாடியிலோ நாற்றுப்பையிலோ வளரும் கன்றுக்கு அவ்வாய்ப்பில்லை. இரண்டு அல்லது மூன்று லீற்றர் கனவளவுள்ள ஊடகமே அதற்கு உலகமாகும். அச்சிற்றுலகிலே நீர் ஒருநாள் குறைந்தால் கன்று வாடும்; ஒருவாரம் மிகுந்தால் வேர் மூச்சின்றி அழுகும். ஆகவே, சாடிப் பயிர்ச்செய்கையில் ஈரத்தை அளந்தறிதல் வயற் பயிர்ச்செய்கையினும் பார்க்க இன்றியமையாததாகின்றது.

இத்துறையிலே நீர்தாங்கும் கூழ்கள் எனப்படும் பொருள்கள் இன்று பரவலாக விற்கப்படுகின்றன. சீனிமணி போன்ற இவ்வுலர்ந்த மணிகளை ஊடகத்துடன் கலந்துவிட்டால், அவை தம் திணிவைப் போற் பலநூறு மடங்கு நீரை உறிஞ்சி வைத்திருந்து வேருக்குச் சிறிது சிறிதாக வழங்கும் என்பது விற்போர் கூற்று. அக்கூற்று எவ்வளவிற்கு மெய்யென்பதை அளவையாலன்றி வேறெதனாலும் நிறுவ முடியாது. ஆயின், கூழைக் கலந்தவுடன், சாதாரண மண்ணுக்கென அமைந்த அளவை முறைகள் பலவும் வழுப்படத் தொடங்குகின்றன. அளக்கவேண்டிய தேவை மிகும்பொழுதே அளக்குங் கருவி ஐயத்துக்கிடமாதல் இப்பொருளின் சிக்கலாகும். அச்சிக்கலின் காரணங்களையும், அதனைத் தீர்க்கும் வழிகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூழின் இயல்பு

ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலுள்ள பியோரியா நகரில் அந்நாட்டு விவசாயத் திணைக்களத்தின் ஆய்வுகூடம் ஒன்று உளது. சோளமாப்பொருளை அடிப்படையாகக் கொண்ட பேருறிஞ்சற் பொருளொன்றை 1970 களிலே அவ்வாய்வுகூடத்தார் வெளிப்படுத்தினர். பின்னர் குழந்தைகளின் அணையாடைகளிற் பயன்பட்டுப் பெருவாணிகப் பொருளாயின இத்தகைய கூழ்கள். இன்று தோட்டக்கலையில் வழங்குவன பெரும்பாலும் பொற்றாசியம் பல்லக்கிரிலேற்று, குறுக்குப் பிணைப்புடைய பல்லக்கிரிலமைட்டு, அல்லது இவ்விரண்டும் கலந்து அமைந்த பல்பகுதியங்கள் ஆகும்.

இப்பொருள்களின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாய் அமைந்து, இடையிடையே குறுக்குப் பிணைப்புகளால் வலைபோற் கட்டுண்டிருக்கின்றன. சங்கிலியின் வழியே மறையேற்றம் பெற்ற கூட்டங்கள் உள்ளன. அவற்றை ஈடுசெய்யும் பொற்றாசிய அயன்கள் வலையினுள்ளே தங்கியிருக்கின்றன. வெளியே தூயநீர் இருக்கும்போது, வலையினுள்ளே அயன்செறிவு மிகுதியாகவும் வெளியே குறைவாகவும் உள்ளமையால், பிரசாரணத்தினால் நீர் உட்புகுகின்றது. ஒத்த மறையேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுவதாலும் வலை விரிகின்றது. விரியும் வலையின் மீள்தன்மை அதனைத் திரும்ப இழுக்கின்றது. உள்ளிழுக்கும் விசையும் எதிர்த்து நிற்கும் மீள்தன்மையும் சமநிலை எய்தும் இடத்திலே வீக்கம் நின்றுவிடும். இச்சமநிலையை விளக்கும் கொள்கையை வகுத்தோருள் முதன்மையானவர் போல் புளோரி என்பார். பல்பகுதிய இரசாயனத்தில் ஆற்றிய பணிக்காக இவர் 1974 ஆம் ஆண்டு நோபெற் பரிசு பெற்றார்.

இவ்விளக்கத்திலிருந்து முக்கியமானதோர் உண்மை பெறப்படுகின்றது. வெளியேயுள்ள நீரிலும் உப்புகள் கரைந்திருப்பின், உள்ளுக்கும் வெளிக்குமுள்ள செறிவு வேறுபாடு குறையும்; ஆகவே வீக்கமும் குறையும். பொற்றாசியம், சோடியம் முதலிய ஒற்றையேற்ற அயன்களால் நேரும் குறைவு இத்தகையது. கல்சியம், மகனீசியம், இரும்பு என்பவற்றின் இரட்டையேற்ற அயன்களோ இன்னுமொரு தீங்கு செய்கின்றன. அவை சங்கிலிகளிலுள்ள மறையேற்றக் கூட்டங்களிரண்டை ஒருங்கே பற்றிப் புதிய முடிச்சுகள்போல நின்று வலையை இறுக்கிவிடுகின்றன. பல்லக்கிரிலமைட்டுக் கூழ்களைப் பசளைக் கரைசல்களில் ஊறவைத்துச் செய்யப்பட்டு 1990 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று, பொற்றாசியம் நைத்திரேற்றினாற் சுருங்கிய கூழ் தூயநீரிற் பலமுறை ஊறவைக்கப்பட்டபோது மீண்டதென்றும், கல்சியம் நைத்திரேற்றினாற் சுருங்கியது ஓரளவே மீண்டதென்றும் காட்டிற்று. ஆதலால், காய்ச்சிவடித்த நீரிற் கண்ட "பலநூறு மடங்கு" என்னும் எண்ணைச் சாடிக்கு அப்படியே கொண்டுவருதல் பொருந்தாது.

"ஈரம்" என்பது யாது?

அளப்பதற்கு முன்னர் எதை அளக்கின்றோம் என்பது தெளிவாதல் வேண்டும். ஈரத்தைப் பற்றி இரு வினாக்கள் எழும். ஊடகத்தில் நீர் எவ்வளவு உளது என்பது ஒன்று. அந்நீரை ஊடகம் எவ்வளவு இறுக்கமாகப் பற்றியுள்ளது என்பது மற்றொன்று. முதலாவது நீர்க்கொள்ளவு, இரண்டாவது நீரிழுவை. களிமண்ணிலும் மணலிலும் ஒரேயளவு நீர் இருப்பினும், மணலில் நிற்கும் கன்று செழித்திருக்கக் களிமண்ணில் நிற்பது வாடுதல் கூடும். இதற்குக் காரணம் இழுவை வேறுபாடே. வேர் அறிவது இழுவையை. நீரூற்றுவோன் அறியவேண்டியது இரண்டையும்.

நீர்க்கொள்ளவைத் திணிவு விகிதமாகவும் கூறலாம். கனவளவு விகிதமாகவும் கூறலாம். இவ்விரண்டையும் மயங்கக்கொண்டு இடர்ப்படுவோர் பலர். ஒரு கனசதமமீற்றருக்கு 1.5 கிராம் அடர்த்தியுள்ள மணல்மண்ணில் திணிவு விகிதம் நூற்றுக்குப் 10 எனின், கனவளவு விகிதம் 15 ஆகும். தென்னந் தும்புத்தூளோ மிக இலேசானது. ஒரு லீற்றர் உலர்தூள் நூறு கிராமைத் தாண்டுவதரிது. 80 கிராம் உலர்தூளைக் கொண்ட ஒரு லீற்றர் ஊடகத்தில் 400 கிராம் நீர் இருப்பதாகக் கொள்வோம். திணிவு விகிதம் நூற்றுக்கு 500. கனவளவு விகிதம் நூற்றுக்கு 40. எண்களைக் கேட்பவன் முன்னையதைப் பெருவெள்ளமென்றும் பின்னையதை மிதமான ஈரமென்றும் எண்ணுவான்; உண்மையில் இரண்டும் ஒன்றே. சாடி ஊடகங்களுக்குக் கனவளவு விகிதமே தக்கது.

கூழ் கலந்த ஊடகத்தில் இதுவும் முற்றாகத் தீர்வாகாது. கூழ் வீங்கும்போது ஊடகம் முழுவதும் மேலெழுகின்றது. உலர்ந்திருந்தபோது 2 லீற்றராயிருந்த ஊடகம் நனைந்து 2.2 லீற்றராயிற்று எனின், அதிலுள்ள 800 கிராம் நீர் முதற் கனவளவின்படி நூற்றுக்கு 40 ஆகும். பின்னைய கனவளவின்படி நூற்றுக்கு 36 ஆகும். எந்தக் கனவளவைக் கொண்டு கணித்தார் எனக் கூறாத முடிவு பயனற்றது. ஒரு சாடியில் இத்தனை கிராம் நீர் உண்டென்று கூறுதல் இவ்விடர்ப்பாட்டைத் தவிர்க்கும் எளிய வழியாம்.

கனலடுப்பு முறை

மண்ணின் மாதிரியொன்றை நிறுத்து, 105 பாகை செல்சியசு வெப்பநிலையுள்ள கனலடுப்பில் 24 மணிநேரம் உலர்த்தி, மீண்டும் நிறுத்து, இழந்த திணிவை நீரெனக் கொள்வது தொன்றுதொட்டு வழங்கும் முறை. ஏனைய முறைகளெல்லாம் இதனோடு ஒப்பிட்டே அளவு திருத்தப்படுகின்றன. எனினும், கூழ் கலந்தவிடத்து மூன்று எச்சரிக்கைகள் வேண்டும்.

முதலாவது, உலர்த்தும் காலம். வீங்கிய கூழ்மணியின் வெளிப்புறம் முதலில் உலர்ந்து தோல்போல் இறுகுவதால் உள்ளிருக்கும் நீர் மெதுவாகவே வெளியேறும். எனவே மாதிரியைப் பிரித்து மெல்லிய படையாகப் பரப்பி, 24 மணிநேரம் என்ற கணக்கை நம்பாது, அடுத்தடுத்து நிறுத்த இருமுறையும் திணிவு மாறாதிருக்கும்வரை உலர்த்துதல் வேண்டும்.

இரண்டாவது, மாதிரி எடுத்தல். 2 மில்லிமீற்றர் விட்டமுள்ள உலர்மணியொன்று தன் திணிவைப்போல் நூறுமடங்கு நீரை ஏற்பின், ஏறத்தாழ ஒரு சதமமீற்றர் விட்டமுள்ள குண்டாகி அரைக்கிராம் நீரைத் தாங்கும். 10 கிராம் மாதிரியில் இத்தகைய மணி ஒன்று கூடினும் குறையினும் விடை நூற்றுக்கு 5 அளவில் மாறிவிடும். கூழ்மணிகளோ ஊடகத்திற் சீராகப் பரவாது ஆங்காங்கே திரண்டு கிடப்பன. ஆகையால் சிறு மாதிரிகளால் ஆகும் பயன் இல்லை; மாதிரி பெரிதாதல் வேண்டும்; பலவாகவும் வேண்டும்.

மூன்றாவது, அழிவு. மாதிரி எடுக்குந்தோறும் சாடியின் ஊடகம் குறைகின்றது, வேரும் அறுபடுகின்றது. ஒரே சாடியை நாடோறும் இம்முறையால் அளத்தல் இயலாது.

தராசு முறை

இக்குறைகளனைத்தையும் நீக்குவது, சாடியை முழுமையாக நிறுத்தல் என்னும் எளிய முறை. உலர் ஊடகம், உலர் கூழ், வெறுஞ்சாடி ஆகியவற்றின் திணிவுகளைத் தொடக்கத்திற் குறித்துக்கொண்டால், பின்பு எந்நாளிலும் மொத்தத் திணிவிலிருந்து அவற்றைக் கழிக்க நீரின் திணிவு பெறப்படும். நீர் கூழினுள் இருந்தாலென், தும்பினிடையே இருந்தாலென், தராசுக்கு இரண்டும் ஒன்றே. உப்போ வெப்பநிலையோ அதனை ஏமாற்றுவதில்லை.

எடுத்துக்காட்டாக, 3 லீற்றர்ச் சாடியொன்றில் 240 கிராம் உலர் தும்புத்தூளும் 6 கிராம் கூழும் இடப்பட்டன எனவும், சாடியின் திணிவு 150 கிராம் எனவும் கொள்வோம். உலர்பொருள்களின் மொத்தம் 396 கிராம். நன்கு நீரூற்றி வடியவிட்டபின் தராசு 2,196 கிராம் காட்டின், நீர் 1,800 கிராம். கூழ் கலவாத ஒத்த சாடியில் நீர் 1,500 கிராம் எனின், கூழினாற் கிடைத்த மிகை 300 கிராம். அஃதாவது கூழின் ஒவ்வொரு கிராமும் 50 கிராம் நீரையே சேர்த்தது. பொதியுறையில் 300 மடங்கு என அச்சிட்டிருந்தால் இச்சாடியில் கூழ் மட்டும் 1,800 கிராம் நீரைக் கூட்டியிருத்தல் வேண்டும். அது நிகழாமைக்கு உப்பு ஒரு காரணம். சூழ்ந்த ஊடகத்தின் நெருக்கத்தால் கூழ் தடையின்றி விரிய இயலாமை மற்றொன்று. இனி, கன்று நாளொன்றுக்கு 200 கிராம் நீரை உபயோகிப்பின், கூடிய 300 கிராம் ஒன்றரை நாளுக்குப் போதுமானது. கூழினால் நீரூற்றும் வேலை வாரக்கணக்கில் மிச்சப்படும் என்று எண்ணியவன் இக்கணக்கைப் பார்த்தபின் தன் கருத்தை மாற்றிக்கொள்வான்.

தராசு முறைக்கும் ஓரெல்லை உண்டு. கன்று வளர வளர அதன் சொந்தத் திணிவும் சேர்கின்றது. ஒத்த கன்றுகளில் ஒன்றை இடையிடையே பிடுங்கி நிறுத்து இதற்கு ஈடுசெய்யலாம். சாடியின் எவ்வுயரத்தில் நீர் உளது என்பதைத் தராசு கூறாது என்பதும் நினைவிற்குரியது. நீர் வடிந்து நின்றபின் சாடியின் அடித்தளம் நீரால் நிறைந்தே இருக்கும். 20 சதமமீற்றர் உயரமுள்ள ஊடகத்தின் மேற்புறத்தில் இழுவை ஏறத்தாழ 20 சதமமீற்றர் நீர்நிரலுக்குச் சமமாகும். ஆகவே மேற்புறத்தைத் தொட்டுப்பார்த்து அடியிலுள்ள ஈரத்தை ஊகித்தல் தவறு.

இழுவையை அளத்தல்

நீரிழுவையை அளப்பதற்கு இழுவைமானி பயன்படுகின்றது. நுண்டுளைகளையுடைய சுட்டமண் கிண்ணமொன்று நீர் நிறைந்த குழாயின் அடியில் பொருத்தப்பட்டிருக்கும். ஊடகம் உலரும்போது கிண்ணத்தினூடாக நீரை வெளியே இழுக்கும். அதனாற் குழாயினுள் உண்டாகும் அமுக்கக் குறைவை மானி காட்டும். அமெரிக்க அறிஞரான றிச்சாட்சு, காட்னர் ஆகியோர் 1936 இல் எழுதிய கட்டுரை இக்கருவியின் வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது.

வயல் மண்ணில் நிலையான வாடல் ஏறத்தாழ 15 வளிமண்டல அமுக்கத்திற்குச் சமமான இழுவையில் நிகழ்வதாகக் கொள்ளப்படும். சாடி ஊடகத்திலோ கணக்கு வேறு. பெல்ஜிய நாட்டுக் கெந்த் நகரைச் சேர்ந்த டி பூட், வெர்டொங்கு என்போர் 1972 இல் வகுத்தபடி, 10 முதல் 50 சதமமீற்றர் நீர்நிரல்வரை உள்ள இழுவையில் வெளிப்படும் நீரே எளிதிற் கிடைக்கும் நீர். 50 முதல் 100 சதமமீற்றர்வரை வெளிப்படுவது சேமநீர். வயலுக்கெனச் செய்யப்பட்ட இழுவைமானியில் ஒரு சிறு பிரிவே 10 அல்லது 20 சதமமீற்றர் நீர்நிரலாய் இருத்தல் கூடும். அத்தகைய மானியால் சாடியின் ஈரத்தை அறிய முயல்வது நெல் நிறுக்குந் தராசிற் பொன் நிறுப்பதை ஒக்கும். தாழ்ந்த இழுவைக்கென அமைந்த நுண்மானியே வேண்டும்.

கூழ் இங்கே ஒரு நுட்பமான வினாவை எழுப்புகின்றது. இழுவைமானி கரைந்த உப்பினாலாகும் பிரசாரண இழுவையைக் காட்டாது. ஏனெனில் உப்பு கிண்ணத்தின் துளைகளினூடே தடையின்றிச் செல்லும். ஆயின், கூழின் வலையிற் கட்டுண்ட மறையேற்றங்களை விட்டு அவற்றின் இணை அயன்கள் வெளியேற மாட்டா. வலையும் துளைவழி செல்லாது. ஆதலாற் கூழ் நீரைப் பற்றியிருக்கும் இழுவை, அதன் பிறப்பிடம் பிரசாரணமாயினும், இழுவைமானியிற் புலப்படும். இக்காரணத்தால், கூழ் தாங்கும் நீர் வேருக்குக் கிடைக்குமா என்னும் வினாவுக்கு இழுவைமானி நேர்மையான விடை தரவல்லது. ஆனால் கிண்ணத்தின் புறத்தே ஊடகம் நன்கு தொட்டிருத்தல் வேண்டும். கூழ் வீங்கிச் சுருங்கும்போது கிண்ணத்தைச் சுற்றி இடைவெளி தோன்றின் மானி பிந்தியே உணரும். சிலபோது உணராமலும் விடும். வாரத்திற்கொருமுறை கிண்ணத்தின் தொடுகையைச் சோதித்தல் நன்று.

இழுவையை மறைமுகமாக அறியும் மற்றொரு கருவி ஜிப்சக் கட்டி. 1940 இல் மிச்சிகன் மாநிலத்தில் பூயூக்கோசும் மிக் என்பவரும் வெளியிட்ட முறை இது. இரு மின்வாய்கள் பதித்த ஜிப்சக் கட்டி மண்ணோடு ஈரச்சமநிலை அடையும். அதன் மின்றடையைக் கொண்டு ஈரம் அறியப்படும். வயலிற் பயனுள்ள இக்கட்டி சாடிக்குப் பொருந்தாமைக்கு இரண்டு காரணங்கள் உள. சாடிக்குரிய தாழ்ந்த இழுவைகளில் இதன் உணர்ச்சி மிகக் குறைவு. அன்றியும், ஜிப்சம் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 2.4 கிராம் கரைந்து கல்சியம் அயன்களை வெளிவிடும். அவ்வயன்கள் கட்டியைச் சூழ்ந்த கூழைச் சுருக்கிவிடும். அளக்க வந்த கருவியே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகின்றது! கருவியின் நம்பகத்தை மட்டுமன்றி, அது பொருளோடு கொள்ளும் உறவையும் ஆராயவேண்டும் என்பதற்கு இஃது ஓர் அரிய சான்று.

மின்முறைகள்

இக்காலத்துப் பெரிதும் வழங்குவன மின்னுழைய மாறிலியை அளக்குங் கருவிகள். நீரின் மின்னுழைய மாறிலி 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 80; வளியினது 1; மண் கனிப்பொருள்களினது பெரும்பாலும் 3 முதல் 5 வரை. ஆகவே ஒரு கலவையின் மின்னுழைய மாறிலி அதிலுள்ள நீரின் கனவளவையே பெரிதும் பொறுத்தது. கனடா நாட்டு ரொப், டேவிசு, அனன் என்போர் 1980 இல், மண்ணிற் பதித்த உலோகக் கோல்களின் வழியே மின்துடிப்பொன்றைச் செலுத்தி, அது நுனியிற் பட்டுத் திரும்பும் நேரத்தால் ஈரத்தைக் கணிக்குஞ் சமன்பாட்டைத் தந்தனர். கோலின் நீளம் 15 சதமமீற்றரும் மாறிலி 20 உம் ஆயின், துடிப்பு சென்று மீள ஏறத்தாழ 4.5 நனோசெக்கன் ஆகும். ஒரு நனோசெக்கன் என்பது செக்கனின் நூறு கோடியிலொரு பங்கு. அச்சமன்பாட்டின்படி மாறிலி 20 உள்ள மண்ணின் நீர்க் கனவளவு விகிதம் நூற்றுக்கு 34.5 எனப் பெறப்படும்.

ஆயின் அச்சமன்பாடு கனிப்பொருள் மண்களுக்கென அமைந்தது. தும்புத்தூள், முற்றா நிலக்கரி போன்ற சேதன ஊடகங்களுக்கு அது பொருந்துவதில்லை. உண்மையிலுள்ள நீரைக் குறைத்தே காட்டும். கூழ் கலந்தபோது கருவியின் அருகே கூழ் இருக்கும் இடத்தைப் பொறுத்தும் விடை மாறும். ஏனெனில் கோல்களை ஒட்டிய பகுதியே அளவீட்டில் மிகுந்த செல்வாக்குடையது. கோலின்மேல் வீங்கிய கூழொன்று படிந்திருப்பின் சாடி முழுவதும் ஈரமென்றும், கூழ் சுருங்கி வளியிடைவெளி விடப்பட்டிருப்பின் சாடி முழுவதும் உலர்ந்ததென்றும் கருவி சொல்லிவிடும். விலைகுறைந்த கொள்ளளவக் கருவிகளோ இன்னும் தாழ்ந்த மீடிறனில் இயங்குவன; அவற்றில் ஊடகத்தின் மின்கடத்துதிறனும் கலந்து தோன்றும். கூழிலுள்ள பொற்றாசிய அயன்களும் பசளையும் கடத்துதிறனைக் கூட்டுதலால், இல்லாத நீர் உள்ளதுபோற் காட்டப்படலாம். வெப்பநிலை ஒரு பாகை உயர நீரின் மின்னுழைய மாறிலி நூற்றுக்கு 0.4 அளவிற் குறையும். ஆதலின் நாடோறும் ஒரே நேரத்தில், காலையில், அளத்தல் நலம்.

கடைகளில் விற்கப்படும் இருமுள் ஈரமானிகள் இவற்றினுந் தாழ்ந்தவை. அவற்றிற் பல, முட்களிடையே ஓடும் மின்னை மட்டுமே அளப்பன. உப்பு நீரில் நனைந்த சிறு கூழ்த்துண்டு முள்ளில் ஒட்டின் போதும், வாடுங் கன்றுக்கும் "மிகு ஈரம்" என முத்திரை குத்திவிடும். நியூத்திரன் முறை, 1952 இல் அமெரிக்காவிற் காட்னர், கேர்க்கம் என்போர் வெளியிட்டது, வயலுக்குச் சிறந்ததாயினும், அது உணரும் மண்கோளத்தின் ஆரை நனைந்த மண்ணிலேயே 15 சதமமீற்றர் அளவினது. சிறு சாடியை அது கடந்துவிடும்.

கிணற்று நீரும் கூழும்

மேலே கூறியன யாவும் எந்நாட்டுக்கும் ஒப்பன. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குச் சிறப்பாக உரிய ஒரு செய்தி இனிக் கூறப்படும். குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. பயிர்ச்செய்கை கிணறுகளையே நம்பியுள்ளது. அந்நீர் சுண்ணாம்புக்கற் படையில் தங்கியிருந்து வருவது. மழைநீர் வளியிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டை ஏற்றுச் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துக் கல்சியமிருகாபனேற்றாகக் கொணர்வதால் அது வன்னீராகின்றது. அடுப்பிற் கேத்தலினுட் படியும் வெண்படை இதன் அடையாளம்.

இவ்வன்னீர் கூழை என்ன செய்யும் என்பதை ஓர் எளிய கணக்காற் காட்டலாம். பொற்றாசியம் அக்கிரிலேற்று அலகொன்றின் திணிவு 110. ஆகவே, 6 கிராம் பொற்றாசியம் பல்லக்கிரிலேற்றில் ஏறத்தாழ 55 மில்லிசமவலு மறையேற்றங்கள் உள. லீற்றருக்கு 100 மில்லிகிராம் கல்சியம் கொண்ட நீரை எடுத்துக்கொள்வோம். அது லீற்றருக்கு 5 மில்லிசமவலு ஆகும். அப்படியாயின், சாடியிலுள்ள கூழின் ஏற்றங்கள் அனைத்தையும் பற்றிக்கொள்ளப் போதிய கல்சியம் 11 லீற்றர் நீரிலேயே அடங்கியுளது. நாளொன்றுக்கு அரை லீற்றர் ஊற்றின் இது 22 நாட்களின் நீர். கல்சியத்தின் ஒரு பகுதியைத் தும்பு பற்றிக்கொள்ளும். ஒரு பகுதி வடிந்து வெளியேறும். ஆதலின் உண்மையில் இன்னும் சில வாரங்கள் செல்லலாம். எனினும், மழைநீரில் ஊறி முதல்நாள் வீங்கிய கூழும், கிணற்று நீரில் இரண்டு மாதம் கிடந்த கூழும் ஒரே பொருளல்ல என்பது தெளிவு.

இலங்கைத் தும்புத்தூள் உலகச் சந்தைக்கு வளர்ப்பூடகமாகச் செல்கின்றது. அதில் இயல்பாகவே உள்ள சோடியம், பொற்றாசியம் என்பவற்றை நீக்குதற்குக் கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் அதனை ஊறவைப்பதுண்டு. அவ்வாறு பதப்படுத்திய தூளில் எஞ்சியுள்ள கல்சியமும் கூழுக்குப் பகையே. ஆகவே தும்பு, கூழ், பசளை, கிணற்று நீர் ஆகிய நான்கையும் தனித்தனி அறிந்தவன் இன்னும் அறியவேண்டியது, நான்கும் ஒருங்கு சேர்ந்தபோது நிகழ்வதையாம்.

இதனால் அளவைக்கு உண்டாகும் விளைவு பாரதூரமானது. ஒரு மின்கருவியைப் புதிய கூழோடு அளவுதிருத்தி, அத்திருத்தத்தையே மூன்றுமாதம் பயன்படுத்துவோன், மாறிவிட்ட பொருளைப் பழைய கோலால் அளக்கின்றான். கூழ் சுருங்கியபின் சாடி தாங்கும் நீர் குறைந்திருக்கும். முன்போல் இரண்டு நாளுக்கொருமுறை நீரூற்றினால் நாற்றுகள் வாடும். கருவியோ, உப்பேறியமையால், ஈரம் இருப்பதாகவே கூறிக்கொண்டிருக்கும். மிளகாய், தக்காளி, திராட்சை நாற்றுகளை விற்றுப் பிழைக்கும் சிறு நாற்றுமேடைக்காரனுக்கு இவ்வழு ஒரு போக முதலையே அழிக்கவல்லது.

பாடசாலை ஆய்வுகூடத்திற் செய்யக்கூடிய பரிசோதனை

இவற்றை நூலறிவாகக் கொள்ளாது செய்துபார்த்தறிதல் மாணவர்க்கு எளிது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. கிராம் காட்டும் தராசும் கனலடுப்பும் போதும்.

முதலிற் கூழின் வீக்கத்தை அறிதல் வேண்டும். இதற்குத் தேயிலைப்பை முறை என்றே பெயர். நுண்ணிய நைலோன் வலையாலான பையில் 0.2 கிராம் உலர்கூழை இட்டு, மழைநீர், கிணற்று நீர், பயிருக்கு ஊற்றும் பசளைக் கரைசல் ஆகிய மூன்றிலும் தனித்தனியே 24 மணிநேரம் ஊறவைத்து, மிகைநீர் வடியத் தொங்கவிட்டு நிறுக்கவேண்டும். கூழின்றி நனைத்த வெறும்பையின் திணிவைக் கழித்தல் மறக்கலாகாது. பின், கிணற்று நீரில் ஊறியதை மழைநீருக்கு மாற்றி, வீக்கம் மீளுகின்றதா என நோக்கலாம். மீளாத பங்கு கல்சியத்தின் கைவரிசை.

அடுத்து, கூழ் கலந்த மூன்று சாடிகளும் கலவாத மூன்று சாடிகளும் ஒரே ஊடகத்தாலும் ஒரே நெருக்கத்தாலும் ஆயத்தஞ் செய்யப்படல் வேண்டும். பயிருக்கு ஊற்றும் நீராலேயே நனைத்து, ஓரிரவு வடியவிட்டு, காலையில் நிறுத்து, ஈரமானியின் எண்ணையும் குறிக்கவேண்டும். பின் நாடோறும் அவ்வாறே நிறுத்துக் குறித்துவர, சாடி உலர உலர இரு வரிசை எண்கள் கிடைக்கும். சாடியில் ஒரு கன்று நிற்பின் நீர் வேர்ப்பகுதி முழுவதிலுமிருந்து இழுக்கப்படும். கன்றில்லையேல் மேற்புறம் மட்டும் உலர்ந்து மயக்கம் விளைவிக்கும். கன்று வாடும் நாளின் நீர்த்திணிவையும் குறித்தல் வேண்டும். ஈற்றில் ஊடகத்தைக் கனலடுப்பில் உலர்த்தி உலர்திணிவைச் சரிபார்த்து, நீர்க்கொள்ளவைக் கிடையச்சிலும் மானியின் எண்ணை நிலைக்குத்தச்சிலும் கொண்டு வரைபு வரைக. கூழுள்ளதும் இல்லாததும் ஒரே கோட்டில் விழுந்தால் மானி நம்பத்தக்கது. இரு கோடுகளாய்ப் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித் திருத்தம் வேண்டும். இரண்டு மாதத்தின் பின் அதே சாடிகளைக் கொண்டு இதனை மீண்டும் செய்தல் பரிசோதனையின் உயிர்நிலை. அப்போதே கூழ் எவ்வளவு முதுமை அடைந்தது என்பது புலனாகும்.

கூழ் கலந்த சாடியிலே கன்று வாடும்போது எஞ்சிய நீர் கலவாத சாடியினும் மிகுந்து நின்றால், அம்மிகுதி வேருக்கு எட்டாத நீராகும். அதனையும் கூழின் பயனாகக் கணக்கிடலாகாது. முன்னர்க் கூறிய நீர்க்கொள்ளவு, நீரிழுவை என்னும் இரு வினாக்களும் இவ்வொரே பரிசோதனையில் வந்து கூடுகின்றன.

முடிவுரை

கூழ் பயனற்ற பொருளன்று. உப்புக் குறைந்த நீரில், நடுகையின் முதல் வாரங்களில், மணற்பாங்கான ஊடகத்தில் அது கன்றைக் காத்தல் கூடும். ஆயின் அதன் பயன் இடத்துக்கிடம், நீருக்கு நீர், மாதத்துக்கு மாதம் மாறும். மாறும் பயனைக் கொள்ளுமுன் விலைகொடுப்போன் கேட்கவேண்டிய வினா, "எத்தனை மடங்கு நீரை உறிஞ்சும்?" என்பதாகாது, "எனது கிணற்று நீரில், எனது ஊடகத்தில், இரண்டாம் மாதத்தில், கன்று பெறும் நீர் எத்தனை கிராம்?" என்பதேயாம். அவ்வினாவுக்கு விடை பொதியுறையில் இல்லை. ஒரு தராசிலும் ஒரு குறிப்பேட்டிலும் உண்டு. பயிர்ச்செய்கைக்குக் கிணற்றையே நம்பியுள்ள குடாநாட்டின் மாணவர், நீரை அளந்து செலவிடக் கற்பதும் கல்வியின் பயன்களுள் ஒன்றாகும்.